2000-க்காக வாங்கி அடுக்கியவை: வாளிக் கோதுமை, ஜெனரேட்டர், துப்பாக்கி

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கினால், கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியை எஃப்பிஐயின் ‘நிக்ஸ்’ அமைப்பில் சரிபார்க்க வேண்டும். 1998 நவம்பர் 30 அன்று தொடங்கிய ஏற்பாடு அது. அந்த டிசம்பரில் 8,70,722 சரிபார்ப்புகள் நடந்தன. 1999 டிசம்பரில் 12,53,354. அடுத்த மாதமே, 2000 ஜனவரியில், 6,39,972 ஆகப் பாதியாய் இறங்கிவிட்டது. வேட்டைப் பருவம், கிறிஸ்துமஸ் பரிசு என்று டிசம்பரில் விற்பனை ஏறுவது வழக்கம்தான். 2000 டிசம்பரிலும் 10,00,962 இருந்தது. ஒரு சரிபார்ப்பு என்றால் ஒரு துப்பாக்கி என்றும் அர்த்தமில்லை. கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு (1999 ஏப்ரல் 20) புதுச் சட்டம் வந்துவிடுமோ என்று முந்திக்கொண்டவர்களும் அதில் உண்டு. இவ்வளவையும் கழித்தாலும் 1999 கடைசியில் ஒரு மேடு தெரிகிறது. ஒய்2கே பயத்தின் மேடு அது: 2000 பிறந்ததும் கணினிகள் ஆண்டை 1900 என்று எடுத்துக்கொண்டு மின்சாரம், வங்கி எல்லாம் நின்றுவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் பலிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது வேறொன்று: பயந்தபடியே நடந்திருந்தாலும், அன்று வாங்கிக் குவித்த சாமான்களில் பெரும்பகுதி கைகொடுத்திருக்காது. ஒவ்வொரு பொருளும் இன்னொரு பொருளை நம்பி நின்றது. அந்த இன்னொன்றைப் பலர் வாங்கவில்லை. வாங்க மிக எளிதாக இருந்தது துப்பாக்கி. தண்ணீர்தான் மிகக் கடினம். பணம் எளிதான பக்கம் போயிற்று.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கணினி நினைவகம் பொன்விலை விற்ற காலத்தில், ஐபிஎம் துளை அட்டையில் மொத்தமே 80 எழுத்துக்குத்தான் இடம். ஆண்டுக்கு நான்கு எழுத்து செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1967 என்பது 67 ஆயிற்று. அட்டை போன பிறகும் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களில் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. திருத்த இரண்டு வழி இருந்தது. ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பது சுத்தமான வழி, ஆனால் கோப்பு, திரை, அச்சுப் படிவம் எல்லாமே மாற வேண்டும். மலிவான வழி ஜன்னல் முறை: ஒரு வெட்டுக்கோடு வைத்துக்கொண்டு, 00 முதல் 49 வரை வந்தால் முன்னால் 20 போடு, 50 முதல் 99 வரை வந்தால் 19 போடு. நேரம் குறைய ஆரம்பித்ததும் பலரும் இரண்டாவது வழிக்கே வந்தார்கள். இந்த வேலையில் சென்னைக்கும் பங்கு உண்டு. டிசிஎஸ் நிறுவனம் ஒய்2கே திருத்தத்துக்கென்றே சென்னையில் ஒரு ‘தொழிற்சாலை’ நடத்தியது. அமெரிக்கா எச்-1பி விசா வரம்பை 1999, 2000 நிதியாண்டுகளுக்கு 65,000-லிருந்து 1,15,000 ஆக உயர்த்தியபோது தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் விமானம் ஏறினார்கள்.

கோபோல் எழுதத் தெரிந்த அமெரிக்கர்களிலேயே சிலர் நகரத்தை விட்டு ஒதுங்கி நிலம் வாங்கியது அன்று பெரிய செய்தி. அவர்களுக்குத் தங்கள் நிரலைப் பற்றித் தெரியும். அடுத்த கம்பெனிக்காரன் அவன் நிரலைத் திருத்துகிறானா என்பது தெரியாது. பயம் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. போதாததற்கு 1998 ஜனவரியில் அமெரிக்காவின் வடகிழக்கையும் கனடாவின் கியூபெக்கையும் பனிக்கட்டிப் புயல் தாக்கியிருந்தது. மின்கோபுரங்களே மடிந்து விழுந்து, சில பகுதிகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நடுக்குளிரில் மின்சாரம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்த்தாயிற்று.

மின்சாரத் துறைக்காரர்கள் அவ்வளவு கலங்கவில்லை. மின்கட்டமைப்பைக் காக்கும் ரிலே, ஓடும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பார்த்து முடிவெடுக்கும். தேதி அதற்குப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள மட்டும். ஆண்டு தவறினால் பதிவேட்டில் தவறான ஆண்டு விழும், சுவிட்ச் விழாது. அப்படியிருந்தும் 1999 ஏப்ரல் 9 அன்றும் செப்டம்பர் 8-9 தேதிகளிலும் வட அமெரிக்கா முழுக்க ஒத்திகை நடத்தினார்கள்.

அதிபரின் ஒய்2கே குழுத் தலைவர் ஜான் கோஸ்கினன், பெரிய குளிர்காலப் புயலுக்குத் தயாராவது போலச் சில நாளுக்குத் தயாராகுங்கள் என்றார். செஞ்சிலுவைச் சங்கமும் சில நாள் முதல் ஒரு வாரம் வரைக்குத்தான் சொன்னது. மறுபக்கம் ஒரு வருடச் சாப்பாடு விற்றவர்கள் இருந்தார்கள். மூன்று நாளுக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் நடுவில் மூன்று வாரம், ஒரு மாதம் என்று யாரும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுத் தரவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் காலத்துப் பெரிய குறை இதுதான்.

வாளிக்குள் போன சாப்பாடு

மார்மன் சபை என்ற அமெரிக்கக் கிறித்தவப் பிரிவின் குடும்பங்களுக்கு ஒரு வருடத் தானியம் சேர்த்து வைப்பது ஒய்2கே-க்கு வெகுகாலம் முன்பே வழக்கம். தாங்களே தானியத்தை டின்னில் அடைத்துக்கொள்ளக் கூடங்கள்கூடச் சபை வைத்திருந்தது. 1999-இல் மற்றவர்கள் அவர்களுடைய கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்குத் தானியம் 400 பவுண்டு (181 கிலோ), பருப்பும் பயறும் 60 பவுண்டு (27 கிலோ), சர்க்கரை 60 பவுண்டு, எண்ணெய் ஏறக்குறைய 10 லிட்டர், உப்பு சில கிலோ. நாளுக்கு வகுத்தால் தானியம் அரைக் கிலோ, பயறு 75 கிராம், சர்க்கரை 75 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் 2,400 கலோரி வரும். கணக்கில் பிழை இல்லை. வாழ்வதற்குப் போதும்.

சிக்கல் கோதுமையில். அது முழுக் கோதுமை. மாவு சீக்கிரம் கெட்டுவிடும், முழுத் தானியம் பல பத்தாண்டு நிற்கும் என்பதால் அப்படி. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ அரைக்க வேண்டும். கரண்ட் இல்லை என்றுதானே இத்தனையும்? அப்படியென்றால் கைத்திருகை. நல்ல வார்ப்பிரும்புத் திருகையிலும் ரொட்டிக்கு ஏற்ற நைசாக 2 கிலோ அரைக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒருவர் சுற்றி ஓய்ந்ததும் இன்னொருவர் பிடிக்க வேண்டும். கோதுமை வாங்கியவர்களில் பலர் திருகை வாங்கவில்லை. வாங்க நினைத்தபோது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. திருகை இல்லாவிட்டால் கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் விட்டு வேகவைத்துச் சாப்பிடலாம். அதற்கு எரிபொருளும் தண்ணீரும் கூடுதல். வெள்ளை ரொட்டி தின்றே பழகிய வயிறு திடீரென்று நாள்தோறும் அரைக் கிலோ முழுக் கோதுமையை ஏற்காது, வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்கு வந்தால் குடிக்கும் தண்ணீர் கணக்கு மாறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் என்பது இப்படித்தான்.

அடைக்கும் முறை நன்றாகவே கண்டறியப்பட்டது, இன்றும் பொருந்தும். 5 கேலன் வாளி என்பது 19 லிட்டர். கோதுமை 14 முதல் 15 கிலோ பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் வாளியின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் மெல்ல உள்ளே வரும். அதனால் உள்ளே அலுமினியத் தகடு ஒட்டிய மைலார் பை, அதற்குள் தானியம், மேலே ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம். பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூளும் கொஞ்சம் உப்பும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. எத்தனை வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நிரம்பிய வாளியிலும் தானிய மணிகளுக்கு இடையே ஏறக்குறைய 7 லிட்டர் காற்று இருக்கும். அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதாவது 1,500 சிசி. ஆகவே 1,500 சிசி வேலை செய்யும் பொட்டலங்கள். பெரிய பயறு என்றால் இடைவெளி அதிகம், 2,000 சிசி. கடையில் ‘பத்தாம் நம்பர்’ என்று விற்கும் பெரிய டின்னுக்கு 300 சிசி போதும். பொட்டலக் கட்டைப் பிரித்த நிமிடத்திலிருந்து அது வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் பைகளை எல்லாம் முதலில் நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு, பொட்டலத்தைப் போட்டுப் போட்டு உடனே இஸ்திரிப்பெட்டியால் ஒட்ட வேண்டும். அரை மணிக்கு மேல் இழுத்தால் மிச்சப் பொட்டலம் வீண். ஓரிரு நாளில் பை உள்வாங்கித் தானியத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி. உப்பலாக இருந்தால் எங்கோ ஓட்டை.

பொட்டலம் கிடைக்காதவர்கள் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டார்கள். வாளிக்கு 100 முதல் 150 கிராம். அடியில் காகிதத்தில் வைத்து, மேலே தானியம் கொட்டி, மூடியை அழுத்தாமல் சும்மா வைத்துவிட வேண்டும். உலர்பனி ஆவியாகி, வாளியின் அடியில் குளிர்ச்சி போன பிறகே மூடியை அடித்து இறுக்கலாம். ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஒரு கிலோ உலர்பனி ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயுவாகும். அவசரப்பட்டு மூடினால் வாளி பிதுங்கி மூடி பறக்கும்.

எதை இப்படி அடைக்கக் கூடாது என்பதில்தான் நிறையத் தப்பு நடந்தது. சர்க்கரைக்கும் உப்புக்கும் உறிஞ்சி போட்டால் பாறையாகிவிடும். அவற்றுக்குப் பூச்சியும் வராது, பொட்டலமே வேண்டாம். தீட்டாத அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் சிக்கு வாடை அடிக்கும். வெள்ளை அரிசி முப்பது வருடம் நிற்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள எதையும் ஆக்சிஜன் இல்லாமல் அடைப்பது ஆபத்து: பாட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கும் உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு ஆக்சிஜன் இல்லாத ஈரம்தான் வேண்டும். சமையல் எண்ணெயை என்ன செய்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்க முடியாது. அந்தக் கிடங்குகளில் முதலில் கெட்டது எண்ணெய்தான். எண்ணெய் போனால் மேலே போட்ட 2,400 கலோரியில் 200 கழியும்.

வாளியை சிமெண்ட் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. தரைக் குளிர்ச்சியில் அடியில் ஈரம் கோக்கும். மரச்சட்டம் போட்டு அதன்மேல் வைப்பது நல்லது. எலி பிளாஸ்டிக்கைக் கடிக்கும், டின்னைக் கடிக்காது.

தண்ணீர்

ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 4 லிட்டர் என்பது அன்றும் இன்றும் அதிகாரபூர்வக் கணக்கு. குடிக்க, சமைக்க, பல் துலக்க அவ்வளவு போதும். கோதுமையும் பயறும் ஊறவைத்துச் சமைப்பதென்றால் போதாது.

நீலநிற 55 கேலன் பீப்பாய் 208 லிட்டர். நான்கு பேருக்கு 13 நாள். நிரப்பினால் 208 கிலோ. நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது என்பதை நிரப்பிய பிறகுதான் பலர் உணர்ந்தார்கள். உறையும் குளிர்ப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடாவிட்டால் பனிக்கட்டி விரிந்து பீப்பாய் பிளக்கும். மூடி திறக்கத் தனிச் சாவி வேண்டும், தண்ணீரை வெளியே எடுக்கக் கைப்பம்பு வேண்டும். பீப்பாய் விற்றவர் இரண்டையும் தனியாக விற்றார். வாங்கியவர் பட்டியலில் அவை இருக்காது.

கிருமி நீக்கத்துக்கு வாசனையில்லாத ப்ளீச். அன்றைய 5.25 சதவீத ப்ளீச் என்றால் தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு (கேலனுக்கு 8), கலங்கல் என்றால் 4. அரை மணி நேரம் கழித்து முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. இப்போது விற்பது கூடுதல் வீரியம், 8.25 சதவீதம் என்றால் கேலனுக்கு 6 சொட்டு போதும். ஆனால் ப்ளீச்சைக் குவித்து வைத்து என்ன பயன்? ஆறு மாதத்திலேயே வீரியம் குறையத் தொடங்கும், ஒரு வருடத்தில் நம்ப முடியாது. நீச்சல்குளத்துக்குப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் வருடக்கணக்கில் நிற்கும். வேறு எதுவும் கலக்காத தூளாகப் பார்த்து, ஒரு குவித்த தேக்கரண்டியை 2 கேலன் தண்ணீரில் கரைத்தால் கரைசல் தயார். அந்தக் கரைசலில் ஒரு பங்கு, குடிநீர் நூறு பங்கு. தூளை உலோகப் பெட்டியிலோ எண்ணெய்க்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. முன்னதை அரிக்கும், பின்னதோடு தீப்பிடிக்கும்.

வீட்டிலேயே இருந்த தண்ணீரைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்க வீடுகளின் சுடுநீர்த் தொட்டி 40 முதல் 50 கேலன் பிடிக்கும், சுத்தமான குடிநீர். எடுக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் தொட்டிக்கான மின்சாரத்தையோ கேஸையோ நிறுத்து. உள்ளே வரும் தண்ணீர்க் குழாயை மூடு. மேல்மாடியில் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்று போக வழிவிடு. பிறகு அடிக்குழாய் வழியாகப் பிடி. முதல் படியைத் தாண்டினால், கரண்ட் திரும்ப வந்ததும் காலித் தொட்டிக்குள் சூடேறி ஹீட்டர் கம்பி எரிந்துபோகும்.

கிராமப்புறத்துக்கு ஓடியவர்களுக்கு இன்னொரு வினை. அங்கே நகராட்சிக் குழாய் கிடையாது, ஆழ்குழாய்க் கிணறு, அதற்குள் 240 வோல்ட் மோட்டார். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல மூன்று மடங்கு கேட்கும். நகரத்தில் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும். இவர்கள் வீட்டில் அந்த நிமிடமே நின்றுவிடும்.

ஜெனரேட்டர்

1999-இல் எல்லாக் கடையிலும் தீர்ந்துபோனது 5,000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர். பாதிச் சுமையில் மணிக்கு அரை முதல் முக்கால் கேலன் குடிக்கும். விடாமல் ஓட்டினால் நாளைக்கு 12 முதல் 18 கேலன், மாதத்துக்கு 360 கேலனுக்குக் குறையாது. வீட்டில் 25 கேலனுக்கு மேல் பெட்ரோல் வைக்கப் பல ஊர்களின் தீயணைப்பு விதி விடாது. மீறி வைத்தாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் பெட்ரோல் பழசாகிப் பிசின் படியும், கார்புரேட்டரின் ஊசித்துளை அடைக்கும். ஜனவரியில் ஓரமாக வைத்த ஜெனரேட்டரை அடுத்த புயலுக்கு இழுத்தபோது கிளம்பாததற்கு இதுதான் முதல் காரணம். நிறுத்தி வைப்பதற்கு முன் பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். அதோடு நிலைநிறுத்தி மருந்து கலந்த பெட்ரோல்.

எஞ்சின் ஆயிலை யாரும் நினைக்கவில்லை. புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை மாற்ற வேண்டும், பிறகு மாடலைப் பொறுத்து 50 முதல் 100 மணிக்கு ஒரு முறை. இரவு பகல் ஓட்டினால் இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒரு தரம்.

உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி ஓட்டினார்கள். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும். அதற்கு இந்த நான்கு மணி ஏராளம். கிணற்று மோட்டாரை அப்போதே ஓட்டித் தொட்டி நிரப்பிக்கொள்ளலாம். ஒரு மாத எரிபொருள் ஆறு மாதமாக நீளும்.

ஆளைக் கொன்ற தவறுகள் இரண்டு. இரு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயரை வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பது. அமெரிக்கர்களே அதைத் தற்கொலை வயர் என்றுதான் சொல்வார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் வீட்டின் 240 வோல்ட் தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னால் ஏறி 7,200 வோல்ட் ஆகி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும். மாற்றுச் சுவிட்சுப் பெட்டி இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது. தனி வயர் இழுத்து ஃப்ரீசரில் மட்டும் சொருகலாம். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. திருட்டுக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டுவார்கள். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைவாய் ஜன்னலைப் பார்க்காமல் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் குளிரில் மின்சாரம் போனபோதும் கார்பன் மோனாக்சைடு உயிர்களை வாங்கியது. பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான சாமான்.

துப்பாக்கி எப்படி உள்ளே வந்தது

மேலே சொன்ன சாமான் எல்லாம் சேர்ந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: இதைப் பறிக்க வருபவனை என்ன செய்வது? நகரங்கள் பட்டினியில் காலியாகி, கூட்டம் கூட்டமாகக் கிராமத்தை நோக்கி நடந்து வரும் என்ற சித்திரம் அந்த வட்டாரங்களில் எல்லோர் தலையிலும் இருந்தது. அதோடு இன்னொரு பழைய கோபமும் சேர்ந்தது. 1992-இல் ரூபி ரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு குடும்பத்தை அரசு அதிகாரிகள் முற்றுகையிட்டது, 1993-இல் வேக்கோவில் ஒரு மதக்குழுவை 51 நாள் முற்றுகையிட்ட பிறகு எழுந்த தீ, 1994-இல் சில வகைத் துப்பாக்கிகளுக்குத் தடைச் சட்டம், 1995 ஏப்ரல் 19 அன்று 168 பேரைக் கொன்ற ஓக்லஹோமா குண்டு. ஒய்2கே-யைச் சாக்கிட்டு அரசு ராணுவச் சட்டம் போட்டுத் துப்பாக்கிகளைப் பிடுங்கும் என்று மிலிஷியாக்காரர்கள், அதாவது அரசை நம்பாத தனியார் ஆயுதக் குழுவினர், நம்பினார்கள். அவர்களில் சிலர் என்ன செய்வார்களோ என்று எஃப்பிஐ பயந்து, 1999-இல் ‘மெகிடோ’ என்ற பெயரில் தனி அறிக்கையே தயாரித்தது. இரு தரப்பும் மற்றவரின் தயாரிப்பைப் பார்த்துத் தயாரானார்கள்.

1994 செப்டம்பர் 13-க்குப் பிறகு தயாரான, பத்து ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களை (தோட்டா அடுக்கும் பெட்டிகள்) பொதுமக்களுக்கு விற்கத் தடை. அதற்கு முந்தையவற்றை விற்கலாம். ‘ப்ரீ-பேன்’ என்ற முத்திரையோடு சாதாரணத் தகரப்பெட்டி பல மடங்கு விலைக்குப் போனது. தடை 2004-இல் காலாவதியானதும் அந்த விலை ஒரே நாளில் அர்த்தமிழந்தது. இருபதாண்டுக்கு வைத்திருப்பேன் என்று முதலீடாக வாங்கியவர்களும் இருந்தார்கள்.

கையில் காசு குறைந்தவர்கள் வாங்கியது எஸ்கேஎஸ், சோவியத் வடிவமைப்பிலான பழைய ராணுவத் துப்பாக்கி. அது வரும்போதே காஸ்மோலின் என்ற பழுப்பு மெழுகில் முக்கி வரும். வெளியே துடைத்தால் போதாது. தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட் என்ற பாகத்துக்குள் சுடும் ஊசி தளர்வாக முன்னும் பின்னும் நகர வேண்டும். மெழுகு கெட்டியாகி ஊசி முன்னால் சிக்கிக்கொண்டால், போல்ட் மூடும்போதே, விசையைத் தொடாமலே குண்டு வெடிக்கும், மேகசின் தீரும் வரை நிற்காமலும் போகும். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, குலுக்கினால் உள்ளே ஊசி கிணுகிணுவென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். பழைய ராணுவத் தோட்டாவில் இன்னொரு தொல்லை: அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மருந்து) எரிந்தபின் குழாயில் உப்பு படியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய். எண்ணெய் மட்டும் போட்டு வைத்த குழாய்கள் அமெரிக்க ஈரக் கோடையில் சில நாளிலேயே துருவேறின.

மழைநீர்க் குழாயான பிவிசியில் துப்பாக்கியை அடைத்து மண்ணில் புதைப்பது ஒரு மோகமாக இருந்தது. குழாய் தண்ணீர் விடாது. ஆனால் அடைத்த நாளின் காற்றில் இருந்த ஈரம் உள்ளேயேதான் இருக்கும், மண் குளிரும்போது இரும்பின்மேல் வியர்க்கும். பஞ்சு மெத்தை வைத்த பெட்டியும் தோல் உறையும் இதே துருவைக் கொடுக்கும், பஞ்சும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால். துப்பாக்கி பூட்டிய இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல்லோடு, குண்டு நீக்கிய நிலையில். தோட்டா வேறு இடத்தில், ரப்பர் வளையம் உள்ள ராணுவப் பெட்டியில். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கிடையாது. உணவுக் கிடங்குக்கு அருகில் ‘தயாராக’ சாய்த்து வைத்த துப்பாக்கி, வராத கொள்ளைக்காரனைவிட வீட்டுப் பிள்ளைக்குத்தான் பக்கத்தில் இருந்தது.

எடையையும் பார்க்கலாம். எஸ்கேஎஸ்-க்கான தோட்டா ஆயிரம் ஏறக்குறைய 16 கிலோ. பல வீடுகளில் நாலைந்து வகைத் துப்பாக்கி, ஒன்றின் தோட்டா இன்னொன்றில் சேராது. ஆயிரக்கணக்கில் ரவுண்டு இருக்கும். உதிரி ஊசி, மேகசின் ஸ்பிரிங், காதுமூடி இருக்காது. ரத்தம் நிறுத்தும் கட்டு இருக்கவே இருக்காது.

வேட்டையாடிப் பிழைப்போம் என்ற பேச்சுக்குப் பதில் அமெரிக்க வரலாற்றிலேயே இருக்கிறது. தோலுக்கும் சந்தைக்கும் கட்டுப்பாடில்லாமல் சுட்டதில், 1900 வாக்கில் வெள்ளைவால் மான் நாடு முழுக்கச் சில லட்சமாகச் சுருங்கியிருந்தது. எல்லாரும் ஒரே குளிர்காலத்தில் காட்டுக்குள் போனால் என்ன மிஞ்சும்? ஒரு மான் கிடைத்தாலும் ஃப்ரீசர் இல்லாமல் கறியை வைக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் அடைப்பதென்றால் புட்டிகளை அழுத்தத்தில் வேகவைக்கும் பிரஷர் கேனர் கட்டாயம்: கடல்மட்டத்தில் 10 பவுண்டு அழுத்தம், ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) புட்டிக்கு 90 நிமிடம், ஆயிரம் அடிக்கு மேல் உயரமான ஊரில் 15 பவுண்டு. சும்மா கொதிக்க வைத்தால் பாட்டுலிசம் வித்து சாகாது. ஒரு துப்பாக்கி விலையில் இரண்டு கேனர் வரும்.

பணமும் அந்த இரவும்

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கூடுதலாக 5,000 கோடி டாலர் நோட்டை அச்சடித்துத் தயாராக வைத்தது. வங்கியில் நெருக்கடி எதுவும் வரவில்லை. பயந்தவர்கள் 1965-க்கு முந்தைய 90 சதவீத வெள்ளி நாணயங்களை வாங்கினார்கள்; முகமதிப்பு ஒரு டாலருக்கு 0.715 அவுன்ஸ் வெள்ளி என்பது தேய்ந்த நாணயத்துக்கான கணக்கு. ஓய்வுக்காலச் சேமிப்பை 59½ வயதுக்கு முன் உடைத்து, வரிக்கு மேல் 10 சதவீத அபராதமும் கட்டி, வாளி வாங்கியவர்கள்தான் உண்மையில் நஷ்டப்பட்டார்கள்.

2000 ஜனவரி 1 சனிக்கிழமை. வங்கியும் பங்குச்சந்தையும் மூடியிருந்தன, சரிசெய்ய இரண்டு நாள் கிடைத்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 18 மணி நேரம் முன்பே நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்து, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்பது சரியல்ல. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் ஆண்டை 19100 என்று காட்டியது. 1900 முதல் எண்ணி வந்த 100-க்கு முன்னால் 19-ஐ ஒட்டியதன் விளைவு. உளவுச் செயற்கைக்கோள் தகவல்களை அலசும் தரைக் கணினி சில நாள் தடுமாறியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டு டவுன் நோய்க்குறி பரிசோதனை முடிவுகள் பிழையாயின, அது சிரிப்பதற்கல்ல. அமெரிக்கா திருத்தத்துக்குச் செலவழித்தது ஏறக்குறைய 10,000 கோடி டாலர். செலவழித்ததால் ஒன்றும் ஆகவில்லையா, ஆகாததற்குச் செலவழித்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜன்னல் முறையில் திருத்திய நிரல்களுக்கு வெட்டுக்கோடு வரும் ஆண்டில் மறுபடியும் அதே வேலை காத்திருக்கிறது. பல கணினிகள் நேரம் எண்ணும் யூனிக்ஸ் கடிகாரத்தில் எண் தீர்ந்துபோகும் நாள் 2038 ஜனவரி 19.

ஜனவரியில் ஜெனரேட்டர்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களைப் பல கடைகள் ஏற்கவில்லை. வாளிகளில் கொஞ்சம் அறக்கட்டளை உணவு வங்கிகளுக்குப் போனது, மீதி நிலவறையிலேயே தங்கியது. 1999 தேதி எழுதிய வாளி இன்றும் பழைய வீடுகளில் கிடைக்கும். திறந்ததும் பூஞ்சை வாடையோ ஈரமோ இல்லாமல், மணி பல்லில் கடிபட்டு உடைந்தால் கோதுமையும் வெள்ளை அரிசியும் சாப்பிடலாம். பழைய பயறு எவ்வளவு ஊறினாலும் வேகாது. அரைத்து மாவாகத்தான் உபயோகம். ப்ளீச்சைக் கொட்டிவிடலாம். பெட்ரோலை ஊர் அபாயக்கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும்.

தோட்டாவைக் குப்பையில் போடக் கூடாது; உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள். பித்தளை பச்சை பூத்திருந்தால், தோட்டா உறையில் வெடிப்பு தெரிந்தால், எண்ணெய் தெளித்து வைத்த பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் சுடவே வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் பிரைமரைக் கெடுத்திருக்கும். நல்லதாகத் தெரிவதைச் சுடுகளத்தில் சுடும்போதும், விசையை இழுத்து ஒன்றும் ஆகாவிட்டால் குழலை இலக்கை நோக்கியே முப்பது நொடி பிடித்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கலாம். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘பொத்’ என்று மந்தமாகக் கேட்டால் அதோடு நிறுத்தி, குண்டுகளை நீக்கி, குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். ஈயம் பாதியில் சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழாய் கையிலேயே வெடிக்கும்.